அச்சம் எங்கே தயாராகிறது? பும்லா டினியோ கோலாவின் ‘அச்ச ஆலை’: ஓர் எளிய அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளர்ந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். இருட்டிய பிறகு எந்தச் சந்து வழியாகப் போகக் கூடாது, மினிபஸ் டாக்ஸியில் எந்த இருக்கையில் உட்காரக் கூடாது, சாவிக்கொத்தை விரல்களுக்கு நடுவே எப்படிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், வீடு சேர்ந்ததும் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று ஒரு முழுப் பாடத்திட்டத்தையே ஒப்பிப்பாள். எந்தப் பள்ளியும் இதை அவளுக்கு நடத்தவில்லை. நாட்டின் சட்டம் சொல்வது இதற்கு நேரெதிர். 1996-இல் நிறைவேறிய தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 12-ஆம் பிரிவு, அரசிடமிருந்து வந்தாலும் தனியாரிடமிருந்து வந்தாலும் எல்லா வகை வன்முறையிலிருந்தும் விடுபட்டு வாழும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. உரிமை எழுத்தில் இருக்க, பயம் எப்படி இத்தனை ஒழுங்காக, வீடு தவறாமல், எல்லாப் பெண்களையும் போய்ச் சேர்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தேடிக் கொடுத்தவர் பும்லா டினியோ கோலா. 1972-இல் பிறந்தவர். இலக்கியப் பேராசிரியர். ஜோஹன்னஸ்பர்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலும் ஃபோர்ட் ஹேரிலும் பணியாற்றிவிட்டு, இப்போது நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பெண்ணியக் கற்பனைக்கான ஆய்வு இருக்கையை வகிக்கிறார். பாலியல் வன்முறை பற்றி அவர் 2015-இல் வெளியிட்ட நூலுக்கு மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஆலன் பேட்டன் நூல் விருது கிடைத்தது. அந்த நூலில் ஓர் அத்தியாயமாக இருந்த கருத்து பிறகு வளர்ந்து 2021-இல் தனி நூலாகவே வந்தது. அதைத்தான் தமிழில் ‘பெண் அச்ச ஆலை’ என்று இங்கே சொல்லப் போகிறேன். சுருக்கமாக, அச்ச ஆலை.

டர்பனில் தமிழ் படிக்கும் இளையவர்களோடு பேசும்போது இந்தக் கருத்து அடிக்கடி என் நினைவுக்கு வரும். அவர்களுக்கு எடுத்துச் சொல்வது போலவே இங்கே எழுத முயல்கிறேன். பெண்ணியக் கோட்பாடு எதையும் முன்பே படித்திருக்க வேண்டியதில்லை.

டர்பனைச் சுற்றிய நேட்டால் பகுதித் தமிழருக்கு ஆலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கரும்பாலை. அதையே வைத்துப் பார்ப்போம். ஆலைக்குக் கச்சாப்பொருள் வேண்டும், ஆட்கள் வேண்டும், முறைப்பணி வேண்டும், கடைசியில் சரக்கு வெளியே போக வேண்டும். சர்க்கரை தானாக விளைவதில்லை. யாரோ வெட்டி, யாரோ பிழிந்து, யாரோ காய்ச்சி எடுக்கிறார்கள். பயமும் அப்படித்தான் என்கிறார் பும்லா. பெண்ணாகப் பிறந்ததால் இயல்பாக வரும் உணர்ச்சி அல்ல அது. பலருடைய உழைப்பில், பல இடங்களில், தினமும் உற்பத்தியாகும் ஒன்று. உற்பத்தியாகிறது என்றால் அதை நிறுத்தவும் முடியும் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது.

இனி ஆலைக்குள் போவோம்.

2008 பிப்ரவரி. ஜோஹன்னஸ்பர்க் நூர்ட் தெரு டாக்ஸி நிலையம். குட்டைப் பாவாடை அணிந்து வந்த 25 வயதுப் பெண் ஒருவரை அங்கிருந்த டாக்ஸி ஓட்டுநர்களும் நடைபாதை வியாபாரிகளும் சூழ்ந்துகொண்டு, ஆடையைக் கிழித்து, பாலியல் ரீதியாகத் தாக்கினார்கள். பட்டப்பகல். சுற்றிலும் கூட்டம். பலர் சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டதும் நம் கவனம் இருவர் மேல் போகும்: தாக்கியவர், தாக்கப்பட்டவர். வழக்கும் அவர்களைப் பற்றித்தான் நடக்கும். அச்ச ஆலை என்ற கருத்து நம் தலையைப் பிடித்து மூன்றாவது பக்கம் திருப்புகிறது. அங்கே நின்று பார்த்த மற்ற பெண்களைப் பாருங்கள் என்கிறது. வரிசையில் நின்ற கல்லூரி மாணவி, வேலை முடிந்து வந்த துப்புரவுத் தொழிலாளி, தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுமி. அவர்களை யாரும் தொடவில்லை. ஆனால் அன்று பாடம் நடந்தது அவர்களுக்கு. மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து என்ன உடுத்துவது என்று யோசிக்கும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. தாக்கியவர்கள் சிலர்தான், கற்றுக்கொண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

ஆகவே அச்ச ஆலை இயங்கப் பார்வையாளர்கள் தேவை. யாருமில்லாத இடத்தில் நடக்கும் வன்முறையும் வன்முறைதான்; அதன் கொடுமை குறையாது. ஆனால் பயத்தைப் பெருக்கிப் பரப்புவது பொதுவெளியில் நடக்கும் காட்சி. அந்தக் காட்சியில் இருக்கும் சைகைகள் பார்ப்பவர் எல்லோருக்கும் புரிய வேண்டும். ஒரு விசில், தொடையில் படும் ஒரு கை, “இப்படி உடுத்தினால் இதுதான் நடக்கும்” என்ற ஒரு வாக்கியம் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, ஏனென்றால் நாம் எல்லோரும் அந்த மொழியைச் சிறு வயதிலேயே கற்றுவிட்டோம். பேருந்து நிலையத்தில் ஒருவன் விசிலடித்தால் எதிரே வரும் பெண் ஏன் நடையை வேகமாக்குகிறாள் என்று யாரும் வியப்பதில்லை. இந்த வியப்பின்மையே ஆலை எத்தனை காலமாக ஓடுகிறது என்பதற்குச் சான்று.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சரக்கு பெரும்பாலும் அன்பு என்ற உறையில்தான் வீடு வந்து சேர்கிறது. “உன் நன்மைக்குத்தானே சொல்கிறேன்” என்று ஆயா சொல்வது பொய்யல்ல. அவருக்கு உண்மையிலேயே அக்கறை. ஆனால் அந்த அக்கறை பேத்தியிடம் மட்டும் போகிறது, பேரனிடம் போவதில்லை. பேரன் எங்கே போகிறான், யாரோடு நிற்கிறான், டாக்ஸி நிலையத்தில் மற்றவர்கள் சிரிக்கும்போது அவனும் சிரிக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. பயத்தின் செலவு முழுவதும் ஒரு பக்கத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

இந்த இடத்தில் புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும், எழ வேண்டும். அப்படியானால் பயமே வீண் கற்பனையா? இல்லை. 2019-20 நிதியாண்டில் மட்டும் தென்னாப்பிரிக்கக் காவல் துறையிடம் 42,289 பாலியல் வல்லுறவுப் புகார்கள் பதிவாயின. புகாராகாதவை எத்தனையோ. 2019 ஆகஸ்டில் கேப் டவுனில் அஞ்சலகத்துக்குப் பொட்டலம் வாங்கப் போன 19 வயது மாணவி அங்கேயே பணியாளர் ஒருவரால் வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டபோது, “அடுத்தது நானா?” என்ற கேள்வியோடு ஆயிரக்கணக்கானவர்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். அஞ்சலகம், பகல் நேரம். நம்முடைய பாடத்திட்டத்தின் எல்லா விதிகளையும் பின்பற்றிய ஒரு பெண். ஆபத்து உண்மை. ஆனால் ஆபத்து உண்மை என்பதற்காகப் பயம் பாதுகாப்புத் தருகிறது என்று ஆகிவிடாது. பும்லாவின் வாதத்தில் எனக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது இதுதான்: பயம் பெண்ணைக் காப்பாற்றுவதில்லை, கட்டுப்படுத்துகிறது. காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே கட்டுப்படுத்துகிறது.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்மைத்தனம் உள்ளவர் என்று முத்திரை குத்தப்படும் ஆண்களையும், திருநர்களையும், ஒருபால் ஈர்ப்பினரையும் இந்த ஆலை விட்டுவைப்பதில்லை. “நீயும் பெண்ணைப் போல்தான், உனக்கும் அதுதான் கதி” என்பது அவர்களுக்கான பாடம். அதேபோல ஆலையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஆண்கள் என்றும் நினைக்க வேண்டாம். கண்காணிப்பு முறைப்பணியில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இதெல்லாம் சரி, இதில் வெகுசனப் பண்பாட்டுக்கும் அரசியலுக்கும் என்ன வேலை? பாட்டு, சினிமா, வானொலி, மேடை நகைச்சுவை, டி-சட்டையில் அச்சடித்த வாசகம் இவற்றையெல்லாம் ஒரு பேராசிரியர் ஏன் ஆராய வேண்டும்?

2006-ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டு துணை அதிபர் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஜேக்கப் ஸூமா மீது பாலியல் வல்லுறவு வழக்கு நடந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காக்க அவரைக் குவேஸி என்று அழைத்தார்கள். மே 8 அன்று ஜோஹன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஸூமாவை விடுதலை செய்தது. சட்டப்படி முடிந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை இங்கே நான் மறுவிசாரணை செய்யப் போவதில்லை. பும்லாவும் மற்றப் பெண்ணியர்களும் திரும்பத் திரும்ப எழுதியது, நீதிமன்றத்துக்கு வெளியே தெருவில் நடந்ததைப் பற்றியும்தான்.

தெருவில் தினமும் ஒரு திருவிழாவே நடந்தது. தன் இனத்தைப் பெருமையாகச் சொல்லும் ‘நூறு சதவீத ஜூலு பையன்’ என்ற வாசகம் பொறித்த டி-சட்டைகள். ஸூமா வெளியே வந்ததும் ஆட்டம். நிறவெறி எதிர்ப்புப் போராட்ட காலத்தில் முகாம்களில் பாடப்பட்ட, “என் இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டு வா” என்ற பாடலை அவரே முன்னின்று பாட, கூட்டம் பின்பாட்டுப் பாடியது. இன்னொரு பக்கம் குவேஸியின் படத்தை எரித்தார்கள். கொளுத்த வேண்டியது அவளைத்தான் என்ற பொருளில் வசவோடு அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள்.

விடுதலைக்காகப் பாடப்பட்ட ஒரு பாட்டு, வல்லுறவு வழக்கு நடக்கும் நீதிமன்ற வாசலில் பாடப்படும்போது என்ன ஆகிறது? சொற்கள் மாறவில்லை. ராகம் மாறவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி இப்போது எந்தப் பக்கம் நீட்டப்படுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்தது. புகார் கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த எத்தனை பேர் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? எண்ண வழியில்லை, ஆலையின் உற்பத்திக்குக் கணக்கேடு கிடையாது. இங்கேதான் வெகுசனப் பண்பாடு அரசியலாகிறது. சட்டம் உள்ளே பேசியதைவிடப் பாட்டும் டி-சட்டையும் வெளியே உரக்கப் பேசின. ஒரு நாடு பெண்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்று அறிய, சாசனத்தைப் படித்தால் மட்டும் போதாது. அது எதற்கு ஆடுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குவேஸி நாட்டை விட்டே போனார். நெதர்லாந்து அவருக்கு அடைக்கலம் தந்தது. ஸூமா 2009-இல் அதிபரானார். 2016 ஆகஸ்ட் 6 அன்று, உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் அறிவிக்கப்பட்ட மேடையில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, நான்கு இளம்பெண்கள் எழுந்து வந்து மேடைக்கு முன் அவருக்கு முதுகு காட்டி நின்றார்கள். கையில் அட்டைகள். ஒன்றில் ‘குவேஸியை நினைவில் கொள்ளுங்கள்’. இன்னொன்றில் ‘கங்கா’, அதாவது சம்பவத்தன்று குவேஸி உடுத்தியிருந்த, வழக்கில் அவருக்கு எதிராகவே பேசப்பட்ட அந்தச் சுற்றுத்துணி. ஒரு வார்த்தை பேசவில்லை. காவலர்கள் வந்து இழுத்துப் போகும் வரை நின்றார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தெருவில் நடந்த காட்சிக்கு இது பதில்காட்சி. தொலைக்காட்சி இரண்டையும் நாடு முழுக்கக் காட்டியது. பயத்தைப் பரப்பும் அதே பொதுவெளிதான் துணிச்சலையும் பரப்பும்.

பும்லாவின் ஆய்வில் இந்தப் பக்கமும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. வன்முறையை மட்டுமே எழுதுபவர் அல்ல அவர். கோசா மொழியில் பாடும் சிம்ஃபிவே டானா என்ற பாடகியைப் பற்றி 2013-இல் ஒரு முழு நூல் எழுதினார். வழக்கமான வாழ்க்கை வரலாறு அல்ல அது. ஒரு கறுப்பினப் பெண் கலைஞர் தன் இசையாலும், பொது விவாதங்களில் தயங்காமல் இறங்குவதாலும், எந்த அச்சிலும் அடங்காமல் இருப்பதாலும் ஒரு சமூகத்தை என்ன செய்கிறார் என்ற விசாரணை. ஆலை எதை உருவாக்க நினைக்கிறதோ அதற்கு நேரெதிரான ஒரு பெண்ணை ரசிகையாகவும் ஆய்வாளராகவும் ஒரே நேரத்தில் அணுகி எழுதியிருக்கிறார். கோட்பாட்டாளர்கள் பலருக்கு வராத நெருக்கம் அது.

அதற்கும் முன்னால், 2010-இல், கேப் குடியேற்றத்தில் இருந்த அடிமைமுறையின் நினைவு பற்றி அவர் எழுதினார். தமிழ் வாசகர்கள் இதில் ஒரு கணம் நிற்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்ததிலிருந்துதான் நம் கதையைத் தொடங்குவது வழக்கம். ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே டச்சுக் கம்பெனி வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கேப் டவுனுக்குக் கொண்டுவந்திருந்தது. 1679-இல் கட்டிய அடிமை விடுதி இன்றும் நகர நடுவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே அடைபட்ட பெண்களிடம் இரவில் கம்பெனிப் படைவீரர்களும் மாலுமிகளும் வருவது வழக்கமாகவே இருந்தது. வல்லுறவைத் தனிமனிதக் கோளாறாகப் பார்க்காமல் அடிமைமுறையோடும் காலனியத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பும்லா வற்புறுத்துவது இதனால்தான். அச்ச ஆலைக்கு அஸ்திவாரம் போட்ட காலம் அது.

சாரா பார்ட்மனின் கதையும் அங்கே வரும். 1810-இல் கேப்பிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக மேடையேற்றப்பட்ட, கேப்பின் பூர்வகுடியான கோய்கோய் இனப் பெண். 1815-இல் பாரிஸில் இறந்தார். இறந்த பிறகும் அவர் உடற்பாகங்கள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2002 ஆகஸ்ட் 9 அன்றுதான் சொந்த மண்ணில் ஹேங்கி என்ற ஊரில் அடக்கம் நடந்தது. கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்த ஐரோப்பியக் கூட்டத்துக்கு அன்று பொழுதுபோக்கு. அதுவும் அந்தக் காலத்து வெகுசனப் பண்பாடுதான்.

ஆகஸ்ட் 9 இங்கே மகளிர் தினம். 1956-இல் அதே நாளில், கறுப்பினப் பெண்களும் நடமாட்ட அனுமதிச்சீட்டு சுமக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் முன்னே நடந்தார்கள். இன்று அந்த மாதம் முழுவதும் விழாக்கள். நாடாளுமன்றத்தில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். ஆனாலும் மேலே சொன்ன புகார் எண்ணிக்கை. இந்த முரண்பாட்டைப் பும்லா 2007-இல் வந்த ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். பெண்ணுக்கு அதிகாரம் தருவது என்ற பேச்சு இங்கே அலுவலகத்தோடும் பதவியோடும் நின்றுவிடுகிறது. வெளியே மேலாளராக இரு, அமைச்சராக இரு. வீட்டுக்குள் வந்ததும் பழைய பெண்மையின் இலக்கணத்துக்குத் திரும்பிவிடு. அந்த இலக்கணத்தை ஒரு வழிபாட்டு முறை போலவே சமூகம் போற்றுகிறது என்பது அவர் வாதம். மாறவேண்டிய பொறுப்பு பெண்ணிடமே விடப்படுகிறது. ஆண்மை என்பதன் பொருள் அப்படியே கிடக்கிறது.

நம் கோயில் மண்டபங்களில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் மகளிர் நிகழ்ச்சிகளை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். நல்ல மனதோடு செய்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் புடவைக்கட்டுப் போட்டியும் கோலப் போட்டியும் முடிந்த பிறகு, அதே தெருவில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் பெண் எங்கே போய்க் கதவைத் தட்டலாம் என்று ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் அந்த மண்டபம் வேறு இடமாக மாறிவிடும்.

இனி நம்முடைய வரலாற்றுக்கே வருகிறேன். கருத்தின் வலு எனக்கு முழுதாகப் புரிந்தது அங்கேதான்.

கரும்புத் தோட்டங்களுக்கு வந்த பெண்களுக்கு ஆண்களின் கூலியில் பாதிதான். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி. பெண்களும் கட்ட வேண்டும். 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் நம் பெண்கள் சட்டத்தின் பார்வையில் மனைவிகள் அல்ல என்றானார்கள். அந்த ஆண்டு, ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தமிழர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதியின்றி நேட்டால் எல்லையைத் தாண்டி, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், தொழிலாளர்களிடம் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அக்டோபரில் கைதானார்கள். மூன்று மாதம் கடுங்காவல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை.

அரசின் கணக்கு வெளிப்படையானது. பெண்களைச் சிறையில் போட்டால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். பொதுவெளியில் ஒரு தண்டனை, பார்ப்பவர்களுக்கு ஒரு பாடம். அச்ச ஆலையின் அதே வேலைமுறை. ஆனால் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தப் பாடத்தைப் படிக்க மறுத்தார்கள். பெண்கள் சிறைக்குப் போன செய்திதான் சுரங்கத் தொழிலாளர்களை மந்திரம் போட்டது போல் எழுப்பியது என்று காந்தியே எழுதியிருக்கிறார். வேலைநிறுத்தம் சுரங்கங்களிலிருந்து கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது. 1914-இல் வந்த சட்டம் மூன்று பவுண்டு வரியை நீக்கியது, திருமணங்களை ஏற்றுக்கொண்டது. காட்சி அதேதான், பார்த்தவர்கள் வேறு பொருள் எடுத்துக்கொண்டார்கள், ஆலை நின்றுபோனது.

இந்தப் போராட்டத்திலிருந்து தமிழுலகம் நினைவில் வைத்திருக்கும் பெயர் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்று, விடுதலையாகிச் சிறிது காலத்தில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தவர். சென்னையில் அவர் பெயரில் மாளிகை இருக்கிறது. 2008-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதியுள்ளவர். ஆனால் கவனித்துப் பாருங்கள்: நாம் அவரைப் பாடும்போது பெரும்பாலும் அவர் சாவைத்தான் பாடுகிறோம். ஜோஹன்னஸ்பர்கில் பிறந்த, சொந்தக் கருத்தோடு சிறைக்குப் போகத் தீர்மானித்த ஒரு இளம்பெண்ணின் முடிவை அத்தனை பாடுவதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண்கள் வாழும் சுரங்கக் கொட்டடிகளுக்குள் நடந்துபோய்ப் பேசிவிட்டு, உயிரோடு திரும்பி வந்து, பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்த பெண்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 1946-இல் டர்பனில் நிலச்சட்டத்தை எதிர்த்து நடந்த அமைதிப் போராட்டத்தில் முன்னே நின்று சிறை சென்ற மருத்துவர் கே. கூனம்? இறந்த பெண்ணைத் தெய்வமாக்குவது எளிது. வாழ்ந்து, பேசி, பிறர் சொல் கேளாமல் நடந்த பெண்ணைக் கொண்டாடச் சமூகத்துக்குப் பழக்கம் போதவில்லை. எந்தப் பெண்ணை எப்படி நினைவுகூர்கிறோம் என்பதும் வெகுசனப் பண்பாடுதான், அதுவும் அரசியல்தான்.

சமகாலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2017-இல் ஜெயன் மூட்லி என்ற பெண் இயக்குநர் எடுத்த, சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் கந்தசாமி குடும்பத்து நகைச்சுவைப் படம் நம் மக்களிடம் பெரிதாக ஓடி, அடுத்தடுத்துத் தொடர்ச்சிகளும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரிகளான ஜெனிஃபர் கந்தசாமியும் சாந்தி நாயுடுவும் பரம எதிரிகள். தங்கள் பிள்ளைகள் காதலிப்பது தெரிந்ததும் அதைப் பிரிக்க ஒன்று சேர்கிறார்கள். குடும்பமே உட்கார்ந்து சிரித்த படம். நம் ஊரையும் நம் பேச்சையும் திரையில் பார்த்த மகிழ்ச்சியே பெரிது. அச்ச ஆலையின் கேள்வியோடு பார்த்தால் வேறொன்றும் தெரியும். அந்த வீடுகளில் காவல் காப்பவர்கள் பெண்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்கும் கண், வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் தலை, “ஊர் என்ன சொல்லும்” என்ற பதற்றம் எல்லாம் அவர்கள் கையில். அந்தக் காவலைப் பார்த்து நாம் சிரிக்கும்போது அது தளர்கிறதா, இல்லை பாசமான ஒன்றாகப் பழகிப்போகிறதா? என் கணிப்பில் இரண்டும் நடக்கின்றன. தாய்களை வில்லிகளாக்காமல் அவர்களுடைய பயம் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் இடங்களில் படம் தளர்த்தும் பக்கம் சாய்கிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். இப்படி விவாதிக்க ஒரு கருவி கையில் கிடைப்பதுதான் கோட்பாட்டின் பயன்.

அந்தக் கருவியை நீங்களே எடுத்துப் பார்க்க விரும்பினால், ஒரு வாரம் கண்ணிலும் காதிலும் படுபவற்றைக் கவனியுங்கள். இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மில் ஒரு நேயர் உரையாடல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல் செய்தி, காவடித் திருவிழாவில் பெண்களின் உடை பற்றி ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு, சென்னையிலிருந்து வரும் புதுப் படத்தில் நாயகன் நாயகியைப் பின்தொடரும் காட்சி. ஒவ்வொன்றிலும் கேளுங்கள்: இது யாருக்கான பாடம்? யாருடைய நடமாட்டம் இதனால் குறைகிறது? யார் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை? பெண் கடத்தல் பற்றிய எச்சரிக்கைச் செய்தி ஒன்று வந்தால், அதில் பெண்களுக்கான கட்டளைகள் எத்தனை, அருகில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற வரி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரியைச் சேர்த்து அனுப்புங்கள். நூர்ட் தெருச் சம்பவத்துக்குப் பிறகு பெண்கள் குட்டைப் பாவாடை அணிந்தே அதே டாக்ஸி நிலையத்துக்கு ஊர்வலம் போனார்கள். எல்லோராலும் ஊர்வலம் போக முடியாது. ஆனால் கூட்டம் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்பதும், அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று “வாம்மா, சேர்ந்து போகலாம்” என்பதும் பார்வையாளர் செய்யக்கூடியவை.

பும்லாவை நேரடியாகப் படிக்க நினைப்பவர்கள் 2015 நூலில் அச்ச ஆலை பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். சிறியது, மொழி கடினமில்லை, ஆனால் வல்லுறவு பற்றிய நேரடிப் பேச்சு இருப்பதால், அந்தக் காயம் உள்ளவர்கள் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. பிறகு பாடகி பற்றிய நூல். இசையில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு அதையே முதலில் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். 2021 நூலைக் கடைசியில் எடுங்கள். அதில் கருத்து தென்னாப்பிரிக்காவைத் தாண்டி மற்ற நாடுகளுக்கும் விரிகிறது. அடிமைமுறை பற்றிய 2010 நூல் ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்டது, மெதுவாகத்தான் நகரும். சோழமண்டலக் கரையிலிருந்து கேப்புக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றி மேலும் தேட விரும்பும் தமிழ் மாணவர்கள் அதையும் விட்டுவிட வேண்டாம்.